மேடையில் வார் அறுந்தால்?

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது நம் பழமொழி. கலைஞனின் கை தரும் அந்த இரண்டு இடிகளையும் மத்தளம் மகிழ்ந்தே ஏற்கிறது. அதைத் துன்புறுத்துவது மூன்றாவது இடி. அது கண்ணுக்குத் தெரியாமல் காற்றிலிருந்து வருகிறது. மழைக்கால ஈரம், மேடை விளக்கின் வெப்பம், குளிரூட்டிய அரங்கின் வறட்சி ஆகிய மூன்றும் தோலின் மீது ஓயாமல் வேலை செய்கின்றன. ஒரு நாள் கச்சேரியின் நடுவே சுதி இறங்குகிறது, ரவை உதிர்கிறது, வார் அறுகிறது. அப்போது தாளக் கலைஞர் என்ன செய்கிறார்? பாட்டு நிற்காமல் எப்படிப் போகிறது?

பௌதிகம் பயிலும் மாணவன் என்ற முறையிலும், மட்டாஞ்சேரியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவன் என்ற முறையிலும் இக்கேள்வி என்னை ஈர்த்தது. மட்டாஞ்சேரி ஈரத்தின் ஊர். கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈரத்துக்கு அஞ்சி மிளகு மூட்டையைக் காக்கும் வணிகரும் இங்கே உண்டு. அதே ஈரத்துக்கு அஞ்சி மிருதங்கத்தைத் துணியில் சுற்றி வைக்கும் கலைஞரும் உண்டு. இவ்விருவர் கவலையும் ஒன்றுதான் என்பதை அறிவியல் நமக்குக் காட்டும்.

கருவியின் அமைப்பு

முதலில் மிருதங்கத்தைப் பார்ப்போம். பலா மரத்தைக் குடைந்து செய்த உடல். இரு முனைகளிலும் தோல். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், எருமைத்தோல் ஆகிய மூன்றும் இக்கருவியில் இடம்பெறுகின்றன. வலப்பக்கத்தை வலந்தலை என்பர்; இடப்பக்கத்தைத் தொப்பி என்பர். வலந்தலையில் மூன்று அடுக்குகள் உள்ளன. உள்ளே மறைந்திருப்பது ஒரு தோல் வளையம். நடுவில் இருப்பது முழுத் தோல். மேலே விளிம்பை மூடியிருப்பது மற்றொரு வளையம். நடுத்தோலின் மையத்தில் கரிய வட்டம் ஒன்று தெரியும். அதுவே கரணை. கிட்டான் கல்லைப் பொடி செய்து, சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசித் தேய்த்து, மீண்டும் பூசித் தேய்த்து இதை உருவாக்குகிறார்கள். தொப்பியின் நடுவிலோ, கச்சேரிக்குச் சற்று முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். இரு தலைகளையும் இழுத்துக் கட்டுவது வார். வலந்தலையைச் சுற்றி வார் கோத்த 16 கண்கள் உள்ளன.

கரணை அழகுக்காக வைத்தது அன்று. வெறும் வட்டத் தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இணங்கா. அடிப்படை ஒலியின் அதிர்வெண்ணை 1 என்று கொண்டால், அடுத்தடுத்த மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30, 2.65 என்று முழு எண்ணுக்கு அகப்படாமல் செல்கின்றன. ஆகவேதான் வெறும் தோலின் முழக்கத்தில் ஓசை உண்டு, சுரம் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ சுரம் தெளிவாகக் கேட்கிறது. இதன் காரணத்தை ஆராய்ந்தவர் திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன். 1920இல் சிவகாளி குமார் என்பாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934இல் விரிவாக மீண்டும் எழுதினார். நடுவில் ஏற்றிய கரணையின் பாரத்தால் மேற்சுரங்கள் 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்தில் வந்து அமைகின்றன என்றும், ஒன்பது வகை அதிர்வுகள் இந்த ஐந்து சுரங்களுக்குள் அடங்குகின்றன என்றும் அவர் காட்டினார். 1954இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இராமகிருஷ்ணாவும் சோந்தியும் இதற்குக் கணித விளக்கம் தந்தனர். கணிதம் பின்னால் வந்தது. சோறும் கல்லும் பிசைந்த கை முன்னால் வந்தது.

இவ்வளவு நுண்மையாக அமைந்த கருவி என்பதால்தான் அதன் கேடும் நுண்மையாக இருக்கிறது. வெறும் பறையில் சிறு மாற்றம் வந்தால் செவிக்குப் பெரிதாகத் தெரியாது. மிருதங்கத்தில் தெரிந்துவிடும்.

ஈரம் செய்யும் வேலை

தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் தளரும், எடையும் கூடும். இழுவிசை குறைந்தாலும் அதிர்வெண் இறங்கும், எடை கூடினாலும் இறங்கும். ஆக, ஈரம் இரு வழியிலும் சுதியைக் கீழே தள்ளுகிறது. எவ்வளவு தள்ளும்? அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதிர்வெண் நூற்றுக்கு ஐந்து பங்கு இறங்கும். அது ஏறக்குறைய அரைக்கட்டை சுதி. பாடகர் ஒரு கட்டையில் நிற்க, மிருதங்கம் அதற்கு அரைக்கட்டை கீழே நின்றால், இசை அறியாதவருக்கும் காது கூசும். குளிரூட்டிய அரங்கில் நிலைமை நேர்மாறு. தோல் உலர்ந்து இறுகுகிறது, சுதி ஏறுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. 16 கண்களிலும் இழுவிசை ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால், ஒரே சுரமாக ஒலிக்க வேண்டிய அதிர்வு இரண்டாகப் பிளவுபடும். ஒன்று வினாடிக்கு 200 முறையும் மற்றொன்று 204 முறையும் அதிர்ந்தால், வினாடிக்கு நான்கு முறை ஒலி பெருகித் தேயும். நாம் சோதனைக் கூடத்தில் இசைக்கவைகளை வைத்துக் கேட்கிறோமே, அதே விம்மல்! கலைஞர் ஒவ்வொரு கண்ணருகிலும் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பது இந்த விம்மல் இருக்கிறதா என்று அறியத்தான். விம்மல் கேட்ட இடத்தில், தோலின் விளிம்புப் பின்னலின் மேல் மரக்கட்டையை வைத்துக் கல்லால் அடிக்கிறார். பின்னலை உடலை நோக்கிக் கீழே தள்ளினால் சுதி ஏறும். எதிர்ப்புறமிருந்து மேலே தள்ளினால் இறங்கும். எளிய கருவி, ஆனால் நுட்பமான சோதனை. சோதனைக் கூடத்தில் அமைதி உண்டு. மேடையில் அவர் இதைச் செய்வது ஆயிரம் செவிகளுக்கு நடுவில்.

மூவகைக் கேடுகள்

மேடையில் நேரும் கேடுகளை மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதல் வகை, உட்கார்ந்த இடத்திலேயே திருத்தக்கூடியவை. சுதி இறங்கினால் கல்லும் கட்டையும் பக்கத்தில் இருக்கின்றன. மின்விசிறிக் காற்றில் ரவை உலர்ந்தால் தொப்பியின் கனத்த ஒலி மெலிந்துபோகும். விரலால் சிறிது தண்ணீர் தொட்டுத் தடவினால் மீளும். உதிர்ந்துவிட்டால், கிண்ணத்தில் பிசைந்து வைத்த ரவையை எடுத்து அப்பலாம்.

இரண்டாம் வகை, திருத்த முடியாவிட்டாலும் சமாளிக்கக்கூடியவை. வலந்தலையின் விளிம்பு கிழியத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கலைஞர் அந்த இடம் அடிபடாதவாறு கருவியைச் சற்றுச் சுழற்றி வைத்துக்கொள்கிறார். அழுத்தமான சொற்களைக் குறைத்து, தொப்பியின் கும்காரத்தை முன்னிறுத்தி, அடக்கமாக வாசிக்கிறார். கேட்பவர்க்கு அது குறையாகத் தோன்றாது; கனிவாகத் தோன்றும்.

மூன்றாம் வகை, மேடையில் எதுவும் செய்ய இயலாதவை. வார் அறுந்தால் சுற்றிலும் உள்ள இழுவிசை முழுதும் போய்விடும். கரணையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்தால், இராமன் கண்ட முழு எண் விகிதம் குலையும், இரைச்சல் எழும். இவற்றுக்கு மாற்றுக் கருவி ஒன்றே மருந்து. ஆகையால்தான் அனுபவம் உள்ள கலைஞர் இரண்டு மிருதங்கங்களோடு வருகிறார்.

மூன்றாம் வகைக் கேட்டை நான் ஒருமுறை நேரில் கண்டேன். மட்டாஞ்சேரியில் ஒரு சிறு மண்டபம். ஆடி மாத மழை. கீர்த்தனையின் நடுவில் மிருதங்கத்தின் வார் ‘பட்’டென்று அறுந்தது. முன்வரிசையில் இருந்ததால் எனக்குக் கேட்டது. பின்வரிசையில் இருந்தோர்க்குக் கேட்டிராது. மிருதங்கக்காரர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கடம் வாசித்தவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கடம் தாளத்தைத் தாங்கிக்கொண்டது. பாடகி அந்தக் கீர்த்தனையைக் கடத்தின் துணையோடு முடித்தார். முடித்தவுடன் அடுத்த பாட்டுக்குப் போகாமல் ஒரு விருத்தத்தைத் தொடங்கினார். விருத்தத்துக்குத் தாளம் இல்லையன்றோ! அது மிருதங்கம் மௌனமாக இருக்கும் நேரம். அந்த நேரத்தில் மாற்று மிருதங்கம் வெளியே வந்தது. அதன் சுதி இறங்கியிருந்தது. குரல் ஓங்கும்போது கல் ஒலித்தது. குரல் தாழும்போது கல் நின்றது. விருத்தம் முடிந்து பாட்டு எழுந்தபோது மிருதங்கமும் உடன் எழுந்தது. என் அருகிலிருந்த பெரியவர், “இன்று விருத்தம் மிக நன்றாக அமைந்தது” என்றார்.

கச்சேரி என்னும் அமைப்பு

அந்த மாலை ஓர் உண்மையை விளக்கியது. கலைஞரின் சமயோசிதத்தைப் புகழ்கிறோம், அது தகும். ஆனால் அந்தச் சமயோசிதத்துக்கு இடம் கொடுத்தது கச்சேரியின் அமைப்பே. இராக ஆலாபனையில் மிருதங்கம் ஓய்கிறது. விருத்தத்தில் ஓய்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசிக்கின்றன. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் தம் கருவியைப் பார்த்துக்கொள்ளலாம். பழுது பார்ப்பதற்கு வேண்டிய நேரம் இசைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இது புதிய கருத்தும் அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தைக் கூறுகிறது. ஏனைக் கருவிகளில் குறை நேர்ந்தால் நிரப்புவதும், மிகை நேர்ந்தால் அடக்குவதும் அவன் தொழில் என்பது அடியார்க்கு நல்லார் உரையால் விளங்கும். தண்ணுமை பிறர் குறையை நிரப்பும். தண்ணுமைக்குக் குறை வந்தால் பிறர் நிரப்புவர். இந்த உடன்பாடு இல்லாத மேடையில் எத்துணைக் கருவிகள் இருந்தும் பயன் இல்லை.

நாம் வாழும் கேரளத்தின் செண்டை மேளமும் இதையே பெரிய அளவில் காட்டுகிறது. திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தற மேளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் நிற்கிறார்கள். முன்வரிசைச் செண்டைகள் நுணுக்கம் காட்ட, பின்னே வீக்கன் செண்டையும் இலைத்தாளமும் காலத்தைப் பிடித்து நிற்கின்றன. ஒரு செண்டையின் தோல் கிழிந்தால் மேளம் கிழிவதில்லை. எண்ணிக்கையே அங்கே காப்பு.

பிற கருவிகள் கண்ட வழி

ஒவ்வொரு தாளக் கருவியும் இந்தத் தொல்லைக்குத் தனக்கென்று ஒரு வழி கண்டிருக்கிறது. பறை நெருப்பைக் கண்டது. காய்ந்த ஓலையையோ வைக்கோலையோ கொளுத்தித் தோலைக் காட்டினால் ஈரம் வெளியேறும், தோல் இறுகும், முழக்கம் திரும்பும். ஊர்வலத்தின் இடையிடையே பறைக் கலைஞர் தீமூட்டி நிற்பது இதற்காகவே. உடுக்கையும் இடக்கையும் கையைக் கண்டன. இழுகயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் வாசிக்கும்போதே சுதியை மாற்றலாம். ஈரத்தால் வரும் இறக்கத்தை அந்தக் கணமே சரிசெய்துகொள்ளலாம். கஞ்சிரா தண்ணீரைக் கண்டது. அதன் உட்புறத்தில் சில துளி தெளித்துச் சுதியை இறக்குவார்கள். சற்று நேரத்தில் உலர்ந்து ஏறும். மீண்டும் தெளிக்க வேண்டும். உடும்புத் தோலே அதற்கு மரபான தோல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கிறது. ஆகவே மாற்றுத் தோல்களைத் தேட வேண்டியதாயிற்று. மானாமதுரை மண்ணில் பிறக்கும் கடத்துக்குத் தோலும் இல்லை, வாரும் இல்லை. அது உடைந்தால் உடைந்ததுதான். ஆகவே கடக்காரர் ஒன்றுக்கு மேற்பட்ட கடங்களை வைத்துக்கொள்கிறார்.

தவில் இரும்பைக் கண்டது. முன்பு தோல்வாரால் கட்டப்பட்ட தவில் இன்று உலோகப் பட்டையும் திருகும் கொண்டு முறுக்கப்படுகிறது. மேலைநாட்டு முழவு தோலையே மாற்றிக்கொண்டது. 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி முதலியோர் கன்றுத் தோலுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர்ப் படலத்தைப் பரப்பினர். அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை. நம் வளாகத்து இசைக்குழுவினர் வாசிக்கும் டிரம்ஸ் மழைக்கும் அஞ்சாமல் நிற்பது இதனால்தான். ஆயினும் அதற்கும் வேறு கேடுகள் உண்டு: குச்சி முறியும், கால்மிதியின் சுருள்வில் கழலும், படலம் கிழியும். ஒரு முழவு போனால் தாளத்தைக் காலாலும் தட்டுத்தாளத்தாலும் நடத்திக்கொண்டு, பாட்டின் முடிவில் மாற்றிக்கொள்வதே அவர்கள் வழக்கம். தாளம் நிற்காமல் இருப்பதே முதல் கடமை, அழகு இரண்டாவது. எந்த நாட்டுக் கலைஞருக்கும் இது பொது விதி.

மின்சாரத்தையும் மறந்துவிடலாகாது. இன்றைய மேடைகளில் தோலை விட ஒலிபெருக்கியே அடிக்கடி காலை வாருகிறது. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) ஒரு காலத்தில் ஒலிபெருக்கி இல்லாத கச்சேரிகளையே விரும்பி நின்றார். அது நாதத்தின் இயல்பைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. எல்லோரும் அவ்வாறு செய்ய இயலாது. ஆனால் ஒலிபெருக்கி அணைந்தாலும் அரங்கின் நடுவரை கேட்கும்படி வாசிக்கப் பழகிய கை, மின்தடை வந்தால் திகைக்காது.

பெயர் இல்லாத கைகள்

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய உண்மை கிடக்கிறது. மேடையில் சமாளிப்பவர் ஒருவர். அவர் சமாளிக்கும்படி கருவியை அமைத்தவர் வேறொருவர். தோலைத் தேர்ந்து, ஊறவைத்து, வெட்டி, கண் துளைத்து, வார் பிடித்து இழுத்து, கரணை பூசித் தேய்த்து நாள் முழுதும் குனிந்திருப்பவர் அவர். தஞ்சாவூரைச் சேர்ந்த பர்லாந்து அவர்களின் கை இல்லாமல் மணி ஐயரின் மிருதங்க நாதத்தை எண்ணிப் பார்க்க இயலாது. கலைஞர் செவியால் கேட்டதைத் தொழிலாளர் கையால் செய்து காட்டினார். இத்தகைய குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். பலர் கிறித்தவத் தலித் குடும்பத்தினர். தோலைத் தொட்டவர் என்பதற்காகச் சமூகம் அவரைத் தள்ளி நிறுத்தியது. அவர் தொட்ட தோலைத் தொட்டவரையோ மாலையிட்டு மேடையில் அமர்த்தியது. இந்த முரண்பாட்டை எந்த அறிவியலும் விளக்காது. மனிதநேயந்தான் தீர்க்க வேண்டும்.

கேரளத்திலும் இத்தகைய கைகள் உண்டு. பாலக்காட்டை அடுத்த பெருவெம்பில் மிருதங்கம், மத்தளம், செண்டை செய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. பாலக்காட்டு மத்தளம் புவிசார் குறியீடு பெற்றது. மட்டாஞ்சேரியில் வார் அறுந்த மிருதங்கமும் இரயில் ஏறிப் பெருவெம்புக்குத்தான் போனது. குறியீடு கிடைத்தது பொருளின் பெயருக்கு. செய்தவர் பெயர் கச்சேரி அழைப்பிதழில் ஏறிற்றா? நான் இதுவரை கண்ட அழைப்பிதழ்களில் ஏறவில்லை.

இது வெறும் நன்றிக் கடன் பற்றிய பேச்சு அன்று. தொழிலில் மதிப்பும் வருவாயும் இல்லையேல் பிள்ளைகள் அதை விட்டுப் போவார்கள், போவது நியாயமே. அவர்கள் போன பின் கரணை பூசத் தெரிந்தவர் யார்? இராமனின் கட்டுரை நூலகத்தில் இருக்கும்; முழு எண் விகிதம் ஏட்டில் இருக்கும்; மேடையில் இருக்குமா? செயற்கைத் தோல் மிருதங்கங்களும் இன்று வந்துவிட்டன. பயிற்சிக்கும் பயணத்துக்கும் அவை உதவுகின்றன. ஆனால் அவற்றின் ஒலி சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கவேனும் ஒரு நல்ல தோல் மிருதங்கம் வேண்டுமல்லவா?

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே! நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆண்டுதோறும் தாளக் கருவிகள் ஒலிக்கின்றன. அவற்றுக்காகச் சில ஏற்பாடுகளைச் செய்வோம். கருவிகளை விழாவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அரங்கத்துக்குக் கொண்டுவந்து, அரங்கின் காற்றுக்குப் பழகவிடுவோம். மின்விசிறியின் காற்று நேராகத் தொப்பியின் மேல் விழாமல் திருப்பி வைப்போம். மேடையோரத்தில் ஒரு செம்பு தண்ணீர், பிசைந்த ரவை, கல், கட்டை, மாற்று மிருதங்கம், உபரிக் குச்சிகள், திருகு முறுக்கும் கருவி ஆகியவற்றை வைப்போம். வார் அறுந்தால் யார் தாளத்தை ஏற்பது, எந்த விருத்தத்தைப் பாடுவது என்பதை ஒத்திகையிலேயே பேசி வைத்துக்கொள்வோம். இடையூறு வந்தபின் யோசிப்பவன் திகைப்பான். வருமுன் யோசித்தவன் வாசிப்பான்.

இன்னும் ஒன்று. நிகழ்ச்சி நிரலில் பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று அச்சிடுகிறோம். இவ்வாண்டு அதன் கீழே மேலும் ஒரு வரி சேர்ப்போம்: மிருதங்கம் செய்தவர் இன்னார். அவரை அழைத்து முன்வரிசையில் அமர்த்துவோம். அந்த ஒரு வரிக்கு ஆகும் மை எவ்வளவு? ஆனால் அதைப் படிக்கும் அவர் பிள்ளைக்கு, தந்தையின் கைத்தொழில் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய தொழில் என்று ஒரு கணமேனும் தோன்றினால், எத்தனையோ மேடைகளின் வார் அறுபடாமல் நிற்கும்.